இரண்டு பேரும் வரணும்

காலை ஏழே முக்கால். அரக்கோணம் போகிற பாசஞ்சர் திருத்தணி ஸ்டேஷனுக்குள் வந்து நின்றபோது பிளாட்பாரத்தில் நானும் என் மகளும் மட்டும்தான் இருந்தோம். டிக்கெட் மூன்று பேருக்கு எடுத்திருந்தேன். மூன்றாவது ஆள் என் மருமகன். என் கூடப்பிறந்த தம்பியும் அவன்தான். அம்மையார்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"மாமாவுக்குத் தறியில எதுனா வேலை வந்திருக்கும்மா" என்றாள் மகள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

கார்டு கொடியை ஆட்டினார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. மகள் கிருத்திகைக்குக் கிருத்திகை விரதம் இருந்தாள். மலைமேல் மரத்தில் தொட்டில் கட்டினாள். யார் யாரோ சொன்ன கஷாயங்களைக் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் எங்கள் ஊரிலேயே ஓர் இயற்கை வைத்தியரிடம் அழைத்துப் போனேன். மண்பட்டி, தொட்டிக் குளியல், உண்ணாநோன்பு என்று வைத்தியம் செய்பவர். காபி குடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. என் வாயிலிருந்து காபி வாசனை வந்ததற்காக அரை மணி நேரம் திட்டினார். மகளுக்குக் காலையில் வெள்ளைப் பூசணிச் சாறு குடிக்கச் சொன்னார். வெளியே வந்ததும் அவள், "இத குடிச்சா புள்ள பொறக்குமா, பூசணிக்கா பொறக்குமா?" என்று கேட்டாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த வைத்தியர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். மற்றவர்கள் மாதிரி நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்தை மடித்துக் கொடுக்கவில்லை. அடியில் என்ன காரணம் என்று தெரியாமல் தொட்டியில் உட்காரவைக்க மாட்டேன் என்றார். அரக்கோணத்தில் இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தம், சிறுநீர் என்று வரிசையாக எழுதிவிட்டு, "ரெண்டு பேரும் வரணும். ஒருத்தர மட்டும் பாத்துட்டு வைத்தியம் பண்றது கண்ணக் கட்டிக்கினு நடக்கற மாதிரி" என்றார்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்தவர் மகளின் கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டே, "வூட்டுக்காரர் வரலியாம்மா?" என்று கேட்டார். "வேலைங்க" என்றாள். நரம்பு அகப்படாமல் மூன்று இடத்தில் குத்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவுகளை வைத்தியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. கீரை, பேரீச்சை சாப்பிட்டா ஏறிடும். மத்தபடி பொண்ணுகிட்ட தடையா ஒண்ணும் தெரியல. இனி அவர அனுப்புங்க."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது போலிருந்தது. அந்த நிம்மதி வைத்தியர் வீட்டு வாசற்படியைத் தாண்டும்வரைகூட நிற்கவில்லை. இவளிடம் இல்லையென்றால் அவனிடம். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் அக்கா மகளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது புதிதல்ல. பெண் பிறந்த அன்றே சொந்தக்காரர்கள் பேசி வைத்துவிடுவார்கள். என் கணவருக்கு அரை மனசுதான். "வெளியே பாக்கலாமே" என்று ஒருமுறை சொன்னார். எனக்குத்தான் பயம். வெளியே கொடுத்தால் யார் எப்படி நடத்துவார்களோ, என் தம்பி வீடென்றால் என் மகளை ஒரு சொல் சொல்ல யாருக்கு வாய் வரும் என்று நினைத்தேன். தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவன் அக்கா போட வேண்டும். பெண்ணின் அம்மாவும் நானே, மாப்பிள்ளையின் அக்காவும் நானே. சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அம்மையார்குப்பம் போனேன். என் கணவரையும் கூப்பிட்டேன். "உன் தம்பிதானே, நீயே பேசு" என்று சொல்லிவிட்டார்.

கொட்டகையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். கத்திப் பேசுகிற விஷயமா இது? ஓரத்தில் நின்று காத்திருந்தேன். நல்லவேளையாகக் கரண்ட் போனது. சட்டென்று எல்லாம் அடங்கியது. தறி ஓட்டுகிறவர்கள் பீடி பற்றவைக்க வாசலுக்குப் போனார்கள்.

"இன்னாக்கா, இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றான் தம்பி.

"நீ வருவேன்னுதானேடா ஸ்டேஷன்ல நின்னுகினு இருந்தேன்."

சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூசியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். "அங்க இன்னா பண்ணச் சொல்வாங்கன்னு விசாரிச்சேன்கா. ஒரு சின்ன பாட்டில கையில குடுத்து, உள்ள போய்க் கதவச் சாத்திக்கோன்னு சொல்வாங்களாம். வெளியே பெஞ்சில நீ குந்திகினு இருப்பே. எப்படிக்கா?"

"நான் வரலடா. உங்க பாவாவ அனுப்பறேன்." என் கணவரை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"பாவா எனக்கு மாமனாரும்தானே? மாமனாரக் கூட்டிக்கினு போயா அந்தக் காரியம் பண்றது?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, நான் தனியா போய்ட்டு வரேன். ஆனா ஒண்ணு சொல்லு. நீ யாருக்கோசரம் வந்திருக்கே? உன் பொண்ணுக்கா, எனக்கா?" என்று கேட்டான்.

"ரெண்டு பேருக்கும்தான்டா."

நான் பொய் சொல்லவில்லை. அவனும் நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். சொன்னபடி அரக்கோணம் போய்விட்டும் வந்திருப்பான். ஆனால் அதற்குள் என் அண்ணன் மனைவி டீ எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். எதுவரை கேட்டாளோ தெரியாது. வாசல் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் பரிட்சை வெக்கறது பத்தாதா? எங்க வூட்டு ஆம்பளைக்குமா பரிட்சை? அவன் மீசையப் பாத்தா தெரியல?"

வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "ஃபெயிலாயிட்டா இன்னா பண்றதுண்ணா, திரும்ப எழுதலாமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னான். தம்பியின் முகம் மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் வந்தது. அவன் தறிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் எழுந்து வெளியே போனான்.

வெளியே கொடுத்த பெண்ணாக இருந்தால் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், "உங்கள் பையனையும் பரிசோதியுங்கள்" என்று கேட்டிருப்போம். சண்டையாவது போட்டிருப்போம். இங்கே எதிர்த்தரப்பு என்று ஒன்று இல்லை. பெண்ணுக்காகப் பேச வேண்டிய தாய்மாமன்தான் மாப்பிள்ளை. பஞ்சாயத்துப் பேச வேண்டிய இன்னொரு தாய்மாமன் மாப்பிள்ளையின் அண்ணன். நான் எந்தப் பக்கம் போய் நின்றாலும் என் பிறந்த வீட்டு வாசல்தான்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குத் தம்பி மஞ்சள் வேட்டி கட்டிப் பூக்காவடி எடுத்தான். குழந்தை வரம் கேட்டு எடுக்கிறான் என்று ஊருக்கே தெரியும். அத்தனை கூட்டத்தில், வெயிலில், படி முழுக்க அரோகரா சொல்லிக்கொண்டு ஏறினான். மகள் பின்னாலேயே ஈரப் புடவையோடு ஏறினாள். இறங்கி வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே, "மலை ஏற வெக்கமில்லம்மா அவருக்கு. ரயில் ஏறத்தான் வெக்கம்" என்றாள். அவள் அவனை மாமா என்று சொல்லாமல் 'அவர்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

தை மாதம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் அப்போது எங்களோடு இருந்தாள். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார். நகரிப் பக்கத்தில் இருக்கும் தன் மனைவியின் தங்கையைத் தம்பிக்குப் பார்த்திருப்பதாகச் சொன்னார். "உன் பொண்ண யாரும் வெரட்டல. அவளும் இருக்கட்டும், இவளும் வரட்டும். ஒரு புள்ள பொறந்தா ரெண்டு பேருக்கும்தானே அது?"

சமையலறையிலிருந்து மகள் வந்து நின்றாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"பெரிய மாமா, அவரை ஒரே ஒரு வாட்டி டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க. என்கிட்ட ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அவர்கிட்டயும் ஒண்ணுமில்லன்னு வரட்டும். அப்புறம் யார வேணா கட்டி வைங்க. நானே பந்தியில நின்னு பரிமாறறேன்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். என் கணவர் அவருக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணம் மலைமேல் நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா வந்து முடிச்சுப் போட வேண்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். கேலிக்காக அல்ல, முறைப்படி அனுப்பினார்கள். நான் போகவில்லை. அன்று மகள் வீட்டிலிருந்த போர்வை, திரை, தலையணை உறை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுத் துவைத்தாள். துணி காய்ந்து, மடித்து வைத்த பிறகுதான் சாப்பிட்டாள். அதற்குப் பின் அவள் அம்மையார்குப்பம் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டாள். குழந்தைகளுக்கான கவுன் மட்டும் தைக்க மாட்டாள்; யாராவது கொண்டுவந்தால், அளவு சரியாக வராது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

தம்பியை அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒரே தடவை, கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில். இளைத்திருந்தான். "சாப்டியாக்கா?" என்று கேட்டான். "ஆங்" என்றேன். அவனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. பஸ் வந்துவிட்டது.

சில வருஷங்கள் போயின. ஓர் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். குடை இல்லை. இடுப்பிலும் குழந்தை இல்லை. அண்ணன் கல்யாணத்தில் சின்னப் பெண்ணாகப் பார்த்த முகம். ஆனாலும் பார்த்தவுடனே யாரென்று தெரிந்துவிட்டது. மகள் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து, தலையைத் துவட்டச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் என் மகளிடம் மட்டும் சொன்னாள்:

"அக்கா, எனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு சொல்றாங்க. அவரு கூட வர மாட்டாராம், என்ன மட்டும் போய்ட்டு வரச் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குது. நீங்க வரீங்களா?"