கயிறு கட்டிய கை

போன வருடம் தை பிறந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்காட்டில் நடந்தது இது. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களோடு, அதுவரை வாசலில்கூட நின்றிராத ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். அன்றைக்கு நான் சாப்பிட்டது கொஞ்சம், பயந்தது நிறைய.

நான் கடைவீதியில் பிளவுஸ் தைக்கிறவள். என் கணவர் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். பையனின் அப்பா பம்புசெட் கம்பெனி வைத்திருப்பவர். வசதியான குடும்பம். ஆனாலும் தாங்களே மலையேறி வந்து பேசுகிறோம் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பேச்சு முடியாமல் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டோம். வந்தவர்கள் சோறு சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதனால் பையனின் அப்பாவே ஒரு வழி சொன்னார். ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம், அது யார் வீடும் இல்லை, அந்தக் கணக்கிலும் சேராது என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீட்டில் அவர்களை உட்காரவைக்க நான்கு நாற்காலி கிடையாது.

என் பயம் நாற்காலி பற்றியது அல்ல.

என் கணவர் ஒரு காலத்தில் மொடாக் குடியர். குடித்துவிட்டு எஸ்டேட் ஜீப்பைக் காப்பிச் செடிக்குள் இறக்கி, கணக்குப் பார்க்கும் ரைட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிய நாளெல்லாம் உண்டு. மகள் பத்தாவது பரீட்சை எழுதிய வருடம், யாரும் சொல்லாமல் தானாகவே கிளம்பி, சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பும் கறுப்பும் சேர்த்து முறுக்கிய கயிறு, முடிச்சில் ஒரு சின்னச் செப்புத் தகடு. அது கையில் இருக்கும்வரை குடியைத் தொடக் கூடாது. ஒவ்வொரு ஆடியிலும் போய்ப் புதிது மாற்றிக் கட்டுவார். எங்கள் மலையில் அந்தக் கயிற்றைப் பார்த்துப் புரியாதவர்கள் குறைவு. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது ஏதோ ஒரு சாமிக் கயிறு, அவ்வளவுதான்.

பையன் வீட்டாரிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் அம்மா, பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். நானும் சரி என்றேன். கயிறு தெரியாதபடி முழுக்கைச் சட்டை ஒன்றை நானே தைத்து, கஃப் பட்டனை இறுக்கிப் போட்டு அனுப்பிவைத்தேன். தையல்காரி மூளை அதற்கு மேல் ஓடவில்லை.

அந்த ஹோட்டல் பழைய வெள்ளைக்காரன் பங்களா. சுவரெல்லாம் வெள்ளை, கதவு ஜன்னலெல்லாம் நீலம். காப்பி விளைகிற மண்ணில் தொட்டி தொட்டியாக ஆலிவ் செடி வைத்திருந்தார்கள். மத்தியதரைக் கடல் நாட்டுச் சாப்பாடு என்று மாப்பிள்ளைப் பையன் விளக்கினான். உள்ளே ஒரு பக்கம் மேசைகள், இன்னொரு பக்கம் கண்ணாடி பாட்டில்கள் அடுக்கிய பார் கவுண்டர். சாப்பாட்டுக் கடை என்றுதானே சொன்னார்கள் என்று மகளைப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

கவுண்டருக்குப் பின்னால் கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட ஒருவர் நின்றிருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். தோள்பட்டை இறுக்கமாக, யாருக்கோ தைத்ததை மாட்டியது போல இருந்தது. அவர் எங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் துணிமணியை எடை போடுகிறான் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. பார்த்தால் பார்க்கட்டும், என் புடவைக்கு ஃபால்ஸ் நானே தைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சாப்பாடு வந்தது. கொண்டைக்கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து நடுவில் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். தொட்டுக்கொள்ள மெத்தென்று ரொட்டி. நம் பருப்பு வடைக்குச் சித்தப்பா மகன் போல ஒரு வடை. என் கணவர் கறுப்புத் திராட்சை என்று நினைத்து ஆலிவ் காயை வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். பையனின் அப்பா அதைக் கவனித்து, முதல் தடவை தானும் அப்படித்தான் ஏமாந்ததாகச் சொல்லிச் சிரித்தார். மனிதர் நல்லவர்தான். பையனின் அம்மாதான் பேசவே இல்லை. நல்ல பட்டு கட்டியிருந்தார், தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தார். எங்களைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

ரொட்டியைக் கையால் பிய்த்துச் சாப்பிடலாம் என்றதும் என் கணவருக்கு நிம்மதி. பழக்க தோஷத்தில் கஃப் பட்டனைக் கழற்றிக் கையை மடித்துவிட்டார். மேசைக்கு அடியில் காலை மிதித்தேன். அவருக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் பையனின் அப்பா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பெண்களுக்கும் பையனுக்கும் ஜூஸ், எங்கள் இரண்டு பேருக்கும் இந்த ஊர் ஆரஞ்சு போட்ட காக்டெயில் என்றார்.

“எனக்கு வேண்டாங்க” என்றார் என் கணவர்.

“அட, சும்மா இருங்க சம்பந்தி. நல்ல காரியம் பேசறோம். ஒரு வாய் சாப்பிடுங்க.”

நம் ஊரில் முதல் தடவை சொல்லும் “வேண்டாம்” என்பதை யாரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. இலையை மறைத்தால் இன்னும் ஒரு கரண்டி போடுவது நாம்தானே? அவரும் அப்படித்தான் நினைத்தார். சம்பந்தி என்ற வார்த்தையை அன்று அவர் முதல் முறையாகச் சொன்னார். அதைக் கேட்டபிறகு இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. மகளின் முகம் வெளுத்துப்போனது. இவர் குடிக்க மாட்டார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

கவுண்டரில் இருந்தவரே தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கோப்பை, ஒரே ஆரஞ்சு நிறம், மேலே ஒரு புதினா இலை. ஒன்றைப் பையனின் அப்பா முன்னால் வைத்தார். இன்னொன்றைத் தன் கையாலேயே எடுத்து என் கணவரின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு நொடி நின்றார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு போய்விட்டார். எனக்கு அந்த ஆளின் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

என் கணவர் கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கியது. பழைய நாட்களில் முதல் வாய் உள்ளே போகும்வரை நடுங்குமே, அதே நடுக்கம். உதட்டுக்குப் பக்கத்தில் போனது. அந்த லைன் வீடும், இரவெல்லாம் வாசலில் காத்திருந்த நானும், பாயில் தூங்குவது போல நடித்த என் குழந்தையும் எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்துவிட்டது.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எட்டி அந்தக் கோப்பையைப் பிடுங்கி மடமடவென்று நானே குடித்துவிட்டேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அம்மா காக்டெயிலைப் பிடுங்கிக் குடித்தால் யார்தான் என்ன பேசுவார்கள்? தொண்டையில் சுர்ரென்று காரம் ஏறியது. இருமல் பிடித்துக்கொண்டது. சாராயம் ஏறுகிறது என்றே நம்பினேன். சத்தியமாகத் தலைகூடச் சுற்றியது.

வெயிஸ்ட்கோட்காரர் தண்ணீரோடு ஓடி வந்தார். குனிந்து என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“பயப்படாதீங்கக்கா. அது ஆரஞ்சும் மெளகுந்தானுங்க. கயிறு கட்டுன கைக்கு நான் ஊத்த மாட்டனுங்க.”

எல்லோரும் என் கணவரின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். மடித்த கையை இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை.

“ஆமாங்க” என்றார். “நான் நொம்பக் குடிச்ச ஆளுங்க. இவளையும் புள்ளையையும் நொம்பப் படுத்தி வெச்சிருக்கறனுங்க. இப்ப இல்லீங்க. மறைக்கணும்னு இல்லீங்க, சொல்றதுக்குத்தான் தைரியம் வரல.”

பையனின் அப்பா தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, தெரியாமல் வற்புறுத்திவிட்டேனே என்று தடுமாறினார். அந்த அம்மா சட்டென்று எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் புத்திகெட்ட கையால் அவள் கல்யாணம் போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். திட்டுவதானால் தனியாகத் திட்டட்டும் என்று போனேன். கீழே சேலம் இருக்கிற இடமே தெரியாமல் மேகம் மூடியிருந்தது. அவர் கண்ணில் தண்ணீர்.

“ஏனுங்க, அந்தக் கயிறு எங்க கட்டறாங்க?” என்றார். நான் முழித்தேன். “எனக்கு ஒரு தம்பி இருக்கறானுங்க. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மேடையில நிக்க வேண்டியவன். காலைலயே ஆரம்பிச்சுருவான். அவனை உங்களுக்கு எப்படிக் காட்டறதுன்னுதான் வந்ததுல இருந்து எனக்குச் சோறே எறங்கலீங்க.”

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு அந்தக் கொண்டைக்கடலை மசியலைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. கோயிலுக்குப் போகும் வழியைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க ஊடு பக்கந்தானுங்களா? சாப்பிட ஏதாச்சும் இருக்குங்களா?”

“காலைல வெச்ச ரசந்தானுங்க இருக்குது.”

“அது போதுங்க.”

அந்த அம்மா அப்படிக் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கிளம்பும்போது எல்லோரையும் காரில் ஏறச் சொல்லிவிட்டு நான் மட்டும் கவுண்டருக்குத் திரும்பிப் போனேன். மனதுக்குள் அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது. நன்றி சொன்னேன். சொந்த ஊர் செம்மநத்தம் என்றார்.

“இந்த வேலைக்குச் சேரும்போது எங்கம்மா வேண்டாம்னுதான் சொல்லுச்சுங்க. அப்புறம் ஒரு சத்தியம் வாங்கிட்டுத்தான் உட்டுச்சு. யாருக்கு வேணா ஊத்து சாமி, கயிறு கட்டுன கைக்கு மட்டும் ஊத்தாதன்னு. அதனால ஆரு வந்தாலும் நான் மொதல்ல கையத்தானுங்க பாப்பேன்.”

எங்கள் துணியைப் பார்க்கிறார் என்று நான் நினைத்தபோது அவர் பார்த்தது அதைத்தான். அந்த வெயிஸ்ட்கோட்டைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், தோளைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமே வந்தார். எனக்குத் தெரிந்த நன்றி அதுதான்.

அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார்கள். பையனின் அப்பா அவசரத்துக்குப் பொரித்த அப்பளத்தை மூன்றாவது தடவை கேட்டார். அந்த அம்மா தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆடியில் என் கணவர் கயிறு மாற்றப் போனபோது, மருமகனின் தாய்மாமனும் கூடப் போனார். பிறகு ஒரு முறை அந்தத் தாய்மாமன் சறுக்கி, மறுபடியும் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். என் கணவர்தான் பஸ் பிடித்துப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

அன்றைக்கு உதட்டில் வைப்பது போல வைத்துவிட்டு இறக்கியிருப்பேன் என்று என் கணவர் இன்றைக்கும் சாதிக்கிறார். அது நிஜமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்துகொள்ளத் தேவையில்லாதபடி முன்பின் தெரியாத ஒருவர் எங்களைக் காப்பாற்றிவிட்டார். இப்போதெல்லாம் என் வீட்டுக்கு வருகிற யாராவது வேண்டாம் என்று சொன்னால் நான் இரண்டாவது தடவை வற்புறுத்துவதில்லை; கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.