இசக்கி மாற்றிய மாப்பிள்ளை

சேரன்மகாதேவி படித்துறையில் காலை நனைத்தபோது தண்ணீர் குளிரவில்லை. எனக்கு வந்த நோயின் முதல் அறிகுறி அதுதான். நானும் தோழி இசக்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவர்கள். உடலியங்கியல், மருந்தியல் தேர்வுக்காக ஞாயிறுதோறும் அந்தப் படித்துறைக்குப் போய்ப் படிப்போம்.

"காலு மரத்துப்போச்சுட்டி," என்றேன்.

"மூணு மணி நேரமா சம்மணம் போட்டு இருந்தா மரத்துப்போகாதா? அடுத்த மாப்பிளயச் சொல்லுட்டி நூரு."

மாப்பிள்ளை என்றால் மருந்து. ஒவ்வொரு மருந்தையும் பெண் கேட்டு வந்தவராக்கி, குணம் என்ன, குறை என்ன, எந்த வீட்டுக்கு ஆகாது என்று அலசுவோம். எங்கள் படிப்பே அப்படித்தான். சக்சினைல்கோலின் (மூச்சுக்குழாய் வைக்கும்முன் தசைகளைத் தளர்த்தும் மருந்து) இசக்கியின் செல்ல மாப்பிள்ளை. சட்டென்று வருவார், சட்டென்று போய்விடுவார். ஆனால் கைகால் விழுந்துபோன வீட்டுக்கு ஆகவே ஆகாது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தை நிறுத்திவிடுவார். அந்த இடத்தில் இசக்கி ஒவ்வொரு முறையும் சறுக்குவாள். நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். அந்த ஞாயிறுகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

நான்கே நாளில் மாடிப்படி ஏற முடியவில்லை. கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்றார்கள். அடுத்து என்னென்ன வரும் என்று வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்தது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தெரிந்திருந்ததால் பயம் குறையவில்லை.

வேலை பார்த்த வார்டிலேயே படுத்தேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது, நாக்கு புரளவில்லை. உம்மாவை வெளியே அனுப்பினார்கள். குழாய் வைக்க வந்தவள் இசக்கி. மருந்துத் தட்டு அவள் கையில். சக்சினைல்கோலின் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. கையும் எழவில்லை. செத்துவிடுவேன் என்று அன்றுதான் உண்மையாகவே நம்பினேன்.

இசக்கி என் காதருகே குனிந்தாள்.

"பயப்படாதட்டி. அந்த மாப்பிள நமக்கு ஆகாது. ரோக்குரோனியம் பாத்திருக்கேன். கொஞ்சம் பைய வருவாரு, ஆனா நல்ல மனுசன்."

ரோக்குரோனியம் (பொட்டாசியத்தை ஏற்றாமல் தசையைத் தளர்த்தும் மருந்து) என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கண்ணைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

ஐந்து வாரம் கழித்துக் குழாயை எடுத்தார்கள். நடை பழக ஏழு மாதம். இசக்கி அந்த வருடமே தேர்வில் தேறினாள். நான் அடுத்த வருடம். முக்காட்டுக்கு ஊக்கு மாட்ட இன்றும் விரல்கள் நேரம் எடுத்துக்கொள்கின்றன. முன்பு எரிச்சல் வரும், இப்போது வருவதில்லை.

மருந்து பிடிக்க ஒரு நிமிடம் என்று புத்தகம் சொல்கிறது. படுத்துக் கிடப்பவருக்கு அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதனால் என்ன மருந்து, ஏன் என்று நோயாளியின் காதில் சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறேன். பதில் சொல்ல முடியாதவர்கள் பக்கத்தில்தான் கூடுதல் நேரம் நிற்கிறேன்.