வெர்னல் இன்னும் ஆளைச் சொல்லவில்லை

வாசலில் தரையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையை வெர்னல் கிரிக்ஸ்பி மிதிக்க மாட்டார். நிற்பார், குனிந்து பார்ப்பார், இடது காலை முதலில் தூக்கி வைத்துத் தாண்டி வருவார். பின்னால் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். பேஸ்பால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டை மிதித்தால் ஆகாது என்று ஆட்டக்காரர்கள் பயப்படுவார்கள். இவரோ செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காக்களில் இருபத்தாறு வருஷம் அந்தக் கோட்டைப் போட்ட ஆள். "போட்டவனுக்குத்தான் அதோட கோபம் தெரியும்" என்பார்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று காலைகள் எங்களுக்கு டயாலிசிஸ் நிலையத்தில் கழிகின்றன. அவருக்கு ஆறாம் நாற்காலி. எனக்கு ஏழு. என் பெயர் எர்லீன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள், எனவே வாய் கொஞ்சம் நீளம். கையில் இரண்டு ஊசி ஏறிவிட்டால் நான்கு மணி நேரம் அசைய முடியாது. ரத்தம் ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வருவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அதனால் பகடை பேஸ்பால் ஆடுகிறோம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை; பகடையை உருட்டி அட்டையில் பார்த்தால் அடித்தானா அவுட்டா என்று தெரிந்துவிடும். அட்டைகளை எழுதியது நான். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் மாதம் பருவம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டை இதுவரை ஆடியவர்களில் ஒரே ஒருவர். அவரைத் தூணாக வைத்துத்தான் உன் அணியைக் கட்ட வேண்டும். அந்த அட்டையை ஊசியை ஒட்டும் டேப்பால் உன் இயந்திரத்தின் கம்பத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டிவிட வேண்டும். சொன்ன பெயரை மாற்ற முடியாது. நீ நாற்காலியை விட்டுப் போனால் அட்டையும் உன்னோடு போகும், வேறு யாரும் அந்தப் பெயரைத் தொடக் கூடாது. புதுச் சிறுநீரகம் கிடைத்துப் போனாலும் சரி, மற்றபடி போனாலும் சரி. பதினோரு வருஷத்தில் பேப் ரூத் போயாயிற்று, ஹாங்க் ஆரன் போயாயிற்று, வில்லி மேஸ் போயாயிற்று. அவர்களை எடுத்தவர்களில் யாரும் புதுச் சிறுநீரகத்தோடு போகவில்லை.

வெர்னல் மட்டும் நான்கு பருவமாகப் பெயர் சொல்லவில்லை. எட்டு ஊர்பேர் தெரியாத ஆட்களும் ஒரு காலி இடமுமாக ஆடி, வருஷா வருஷம் கடைசியில் வருவார். கேட்டால், "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்பார். கம்பத்தைப் பார்த்தால் மொட்டையாக நிற்கும்.

இதற்காக அவரைப் பிடுங்கித் தின்றவர் ஐந்தாம் நாற்காலி கோய் டிஸ்டேல். பீர் லாரியில் பீப்பாய் ஏற்றியவர். வெர்னலுக்கு அவரைத் தவிர வேறு நண்பர் இருந்ததாக எனக்குத் தெரியாது.

"டேய், பந்து வீசற பிட்சரை எடுத்துத் தொலைக்காதே. அஞ்சு நாளைக்கு ஒரு நாள் வேலைக்கு வர்றவனை நம்பி எவனாவது வீடு கட்டுவானா? ஜாஷ் கிப்சனை எடு. கேட்சர். ஒவ்வொரு பந்தும் அவன் கைக்கு வந்துதான் ஆகணும். அவன் பேட்டைப் பிடிச்சு அடிச்சா பந்து அடுத்த ஊர்ல போய் விழும்டா!"

"ஆட்டம் முழுக்கக் குத்த வெச்சே இருக்கணும், கேட்சருக்கு முட்டி போயிடும் அண்ணே."

"முட்டியா? உனக்குக் கிட்னியே போயிடுச்சு, நீ அவன் முட்டிக்கு அழறியேடா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. வெர்னலும் சிரித்தார், டப்பா பக்கம் கையை மட்டும் நீட்டவில்லை.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு உண்டு. பேஸ்பால் பைத்தியங்கள் எல்லோரிடமும் இருப்பதுதான். இத்தனை ஹோம் ரன், இத்தனை ஹிட் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒருநாள் அவர் அசந்திருந்தபோது எட்டி எடுத்துப் பார்த்தேன். பெயருக்கு எதிரே ஒரே ஓர் எண்தான் இருந்தது. பேப் ரூத், ஐம்பத்து மூன்று. லூ கெரிக், முப்பத்தேழு. கிறிஸ்டி மேத்யூசன், நாற்பத்தைந்து. ஜாஷ் கிப்சன், முப்பத்தைந்து. அதற்கடியில் சிவப்பில் இரண்டு கோடு. திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது. எல்லாம் அவர்கள் செத்த வயது.

"ஏன்யா, ஆட்டக்காரனைத் தேடறியா, இன்ஷூரன்ஸ் விக்கிறியா?" என்று கேட்டேன்.

"பேரைச் சொல்லி ஒட்டிட்டேன்னா, மேல இருக்கறவரு பாத்து, 'அட, இவன் இங்கதான் இருக்கானா'ன்னு கேட்டுடுவாருக்கா. ரொம்ப வயசு வரைக்கும் வாழ்ந்தவன் பேரா இருந்தா, கொஞ்ச நாள் கேக்காம இருப்பாரு."

கோய் இருமி இருமிச் சிரித்தார். "அவருக்கு உன் விலாசம் தெரியாதா? உனக்கு மாசா மாசம் கரண்ட் பில் வருதுல்ல?"

வெர்னல் பயப்படுவதைப் பார்த்து நான் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஊசி ஏறும்போது நானும் நர்ஸ் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். ஆனால் அவர் பயம் அவரை ஒருமுறை கவிழ்த்தேவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றுச் சிறுநீரகப் பிரிவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. சமையலறை மேஜைமேல் போன் அடித்தது. இவர் ஒரு பாத்திரத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்து மூடிவிட்டார்! உள்ளே அது அடித்துக்கொண்டே இருந்ததாம். மூன்று முறை. நான்காவது முறை அழைப்பு வேறு யாருக்கோ போனது, சிறுநீரகமும் போனது. இன்னொரு முறை எடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டியபோது, பாவி மனுஷா, என்று கத்தினேன்.

கோயின் கம்பத்தில் இருந்தது ஸ்டான் மியூசியல். எங்கள் ஊர் அணியிலேயே இருபத்திரண்டு பருவம் ஆடியவர், தொண்ணூற்றிரண்டு வயது வரை இருந்தவர். வெர்னலின் நோட்டில் அதைவிட நல்ல எண் அதிகம் கிடையாது. மே மாதம் ஒரு சனிக்கிழமை கோய் வரவில்லை. பிட்சர் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தால், சொன்னால் ராசி கெட்டுவிடும் என்று அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலி நாற்காலியும் எங்களுக்கு அப்படித்தான். நர்ஸ் ரொவீனா பலகையில் பெயரை அழிக்கும்வரை கேட்க மாட்டோம். செவ்வாய்க்கிழமை அவள் துணியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். வெர்னல் கண்ணை மூடிக்கொண்டார். கோய்க்கு அறுபத்தாறு வயது. மியூசியல் அட்டையை அவர் மனைவி வந்து வாங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வெர்னல் நோட்டைக் கொண்டுவரவே இல்லை. பகடை உருட்டச் சொன்னால் உருட்டுவார், என்ன விழுந்தது என்று பார்க்க மாட்டார். ஐந்தாம் நாற்காலிக்குப் புதிதாக வந்த அம்மாள் வணக்கம் சொன்னாள்; முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. இந்த ஆள் இப்படியே, ஊசி ஏறிய நிலையில், பேசாமலே போய்விடுவார் என்று தோன்றியது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். எங்கள் ரத்தம் பாதி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. வெர்னலின் மடியில் கிடந்த போன் அடித்தது. அவர் எண்ணைப் பார்த்தார்.

"அக்கா, அவங்கதான்."

"எடுய்யா!"

"எடுத்துப் போயி, மயக்க மருந்து குடுத்து, நான் திரும்பி வரலைன்னா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? திரும்பி வரலைன்னா உன்னைத் திட்ட முடியாம நான் தவிச்சுப்போவேன், அதுதான் தெரியும். எடு. இங்க மூடறதுக்குப் பாத்திரம் கிடையாது."

போனில் நான்காம் மணி அடித்தது. ஐந்தாம் மணி. எனக்கு எழுந்து பிடுங்க வேண்டும்போல் இருந்தது. என் கையிலும் இரண்டு ஊசி. ஆறாவதில் அவர் கட்டைவிரலால் அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மடியிலேயே வைத்தார்.

"வெர்னல் கிரிக்ஸ்பிதானே? உங்களுக்குப் பொருத்தமா ஒரு கிட்னி வந்திருக்கு. மத்தியானத்துக்குள்ள வர முடியுமா?"

வெர்னல் சும்மா இருந்த வலது கையை நீட்டி, என் மேஜையிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். அட்டைகளை ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார் வெர்னல். "ஊசியை எடுத்ததும் வந்துடறேன். ஒரு நிமிஷம், கையில வேலை இருக்கு."

பிறகு டேப்பின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, கோய் சொன்ன ஜாஷ் கிப்சனைத் தன் கம்பத்தில் கோணலாக ஒட்டினார்.