அடைக்கலசாமியின் காரும் குளவிக் கூடும்

எங்கள் சித்தப்பா அடைக்கலசாமி ஏலாக்குறிச்சியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கார் பல மாதம் கொட்டகையில் நின்றது. 1946இல் மறுபடி எடுத்தபோது நீலப் புகையாகக் கக்கியது. அரியலூர் போய் வருவதற்குள் இன்ஜின் ஆயிலைக் குடித்துத் தீர்த்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், சீமையிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். வேறு தொழில் தெரியாதவர், வேறு வழியில்லாமல் காரை விற்கச் சம்மதித்தார்.

வாங்குகிறவர் திருச்சியிலிருந்து வரவிருந்த காலையில், துடைத்துக் கொடுப்போமே என்று சித்தப்பா காருக்கு அடியில் படுத்தார். இன்ஜினின் ஆவி வெளியேறும் குழாயின் வாயைக் குளவி மண் கூடு கட்டி அடைத்திருந்தது. ஆவி போக வழியில்லாமல்தான் ஆயில் மேலே ஏறி எரிந்திருக்கிறது.

"தெரசா, இது எப்ப கட்டுச்சு?"

"நம்ம பொண்ணு லீலா முழுகாம இருந்தப்ப," என்றார் சித்தி. "புள்ளத்தாச்சி இருக்கற வூட்ல குளவிக் கூட்டைக் கலைப்பாங்களா? நான்தான் தொடாம விட்டேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"காரைப் பத்தி வாயைத் தொறந்தா, ஒனக்கென்ன தெரியும்பீங்க."

"சரி, பேத்திதான் பொறந்து தவழுதே. இப்பக் கலைக்கலாமா?"

"தாராளமா."

கம்பியால் குத்திக் கூட்டை உதிர்த்தார். மண்ணெண்ணெய் விட்டுக் குழாயைக் கழுவினார். வண்டியைக் கிளப்பி, புகைக்குழாய்க்கு நேரே தன் வெள்ளைத் துண்டைப் பிடித்தார். பழைய இன்ஜின்தானே, லேசாகக் கறை படிந்தது. ஆனால் அந்த நீலப் புகை இல்லை.

திருச்சிக்காரர் வந்ததும் சித்தப்பா அவரிடம் மோரை நீட்டினார்.

"விக்கலைங்க. கோவிச்சுக்காம மோரைக் குடிங்க. அரியலூர் டேசனுக்கு நானே கார்ல கொண்டுபோய் விடறேன்."