பை டூ காபி

அண்ணா, நல்ல காபி கடைசியில் நம்ம பக்கத்துப் பள்ளிக்கரணையிலேயே கிடைத்துவிட்டது.

இதற்காகப் பெரும்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு தாம்பரம், குரோம்பேட்டை என்று எங்கெல்லாம் சுற்றினோம். புதுக் கடை என்றால் முதலில் ஒரு காபியைப் பை டூ வாங்கி, ஆளுக்குப் பாதி குடித்துப் பார்க்க வேண்டும். நன்றாக இருந்தால்தான் ஆளுக்கொரு முழுக் காபி. அது உன் சட்டம். எந்தக் கடையிலும் நாம் முழுக் காபி வரை போனதில்லை. ஏசி போட்ட கஃபே ஒன்றில், காபி நுரையில் இலை வரைந்து கொடுத்த அக்காவிடம், "இலை போட்டுட்டீங்க, சோறு எப்பக்கா வரும்?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாய்.

நீ போன பிறகு நேற்றுதான் தனியாக ஒரு புதுக் கடைக்குப் போனேன். பழக்கத்தில் பை டூ என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் இரண்டு டம்ளரை வைத்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்கப்பா?"

"எங்க அண்ணன். செத்துட்டாருண்ணா."

அவர் இரண்டு டம்ளரையும் என் பக்கம் நகர்த்தினார். "அப்ப ரெண்டையும் நீயே குடி. ஆறிடப் போவுது."

என் பாதி அருமை. உன் பாதியும் அருமை. சட்டப்படி அடுத்து முழுக் காபி இரண்டு சொல்ல வேண்டும். ஒன்றுதான் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இதைப் படிக்கிற எல்லோரும் எங்கள் அண்ணனுக்காகக் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே காபி தண்ணியாக இருந்தால் அவன் சும்மா இருக்க மாட்டான்.