கம்ப்யூட்டரிடம் மெதுவாகப் பேசிய காலை

இங்கே தினமும் காலையில் நான் சத்தம் போட்டுத் தனியாகப் பேசுகிறேன். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் இரண்டு நாள் இப்படிப் பேசியிருந்தால் போதும், "என்னக்கா, தன்னால பேசுதிய?" என்று பாதித் தெரு வாசலில் வந்து நின்றிருக்கும். அடுத்த நாள் சபைப் போதகர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போயிருப்பார். கேரளத்து மலையில் இருக்கும் இந்த வண்டன்மேட்டில் அந்தத் தொல்லை இல்லை. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஏலச் செடிகள் நிற்கின்றன. அந்த வீடு சரிவில் கொஞ்சம் கீழே இருக்கிறது. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத நாகரிகம் மலையாளிகளுக்கு உண்டு என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

நான் பேசுவது கம்ப்யூட்டரோடு. எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த மலைக்கு வந்தவள் நான். இங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றேன். அவர் போனபிறகு, ஏலக்காய் விவசாயிகளுக்காக இங்கே வரும் ஒரு மலையாள மாதப் பத்திரிகையின் தமிழ்ப் பக்கங்களை மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. செடியில் அழுகல் வந்தால் என்ன தெளிக்க வேண்டும், இலைப்பேன் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்கிற சங்கதிகள். மழைக்குளிர் விரல் மூட்டுகளில் ஏறி உட்கார்ந்ததும் தட்டச்சு நின்றுபோனது. அப்போதுதான், பேசினால் எழுத்தாக்குகிற சாஃப்ட்வேரை என் பழைய கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டேன். அதற்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் எழுதும். என் குரலைப் பழக்குவதற்கே நாள்கணக்கில் அதற்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளோடு கத்திய தொண்டை அதற்கென்றே தயாராக இருந்தது.

இந்த வருஷம் அது படுத்த ஆரம்பித்தது. ஒரு பத்தி முடிவதற்குள் திரை உறைந்துவிடும். பத்திரிகைக்காரர்களோ தமிழ்ப் பக்கங்களைக் கூட்டியிருந்தார்கள். பக்கங்கள் நாள் தவறினால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். கட்டப்பனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பினு வந்து பார்த்துவிட்டு, புதிய பதிப்பை ஏற்றலாம், ஆனால் பழையது பழகிவைத்த என் குரலெல்லாம் அழிந்துபோகும் என்றார். இந்தக் கிழட்டு கம்ப்யூட்டர் புதியதைத் தாங்குமா என்று கேட்டேன். "நோக்காம்," என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். இந்த ஊரில் ஆகும் என்பதற்கும் ஆகாது என்பதற்கும் அதே பதில்தான்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மகள் எஸ்தருக்கு இது நல்ல சாக்காகக் கிடைத்தது. "யம்மா, அந்த ஓட்டக் கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்க? பேசாம இங்க வந்துரு. அங்க ராத்திரி விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. இந்த வேலை போனால் நான் இங்கே தனியாக இருப்பதற்குச் சொல்ல ஒரு காரணமும் மிஞ்சாது. ஊரில் வெயில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் ஒன்று சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டாத தமிழ் இருக்கிறது. இருந்தாலும் கிளம்ப மனசு வரவில்லை. அவர் நட்டுவைத்த மரங்களின் நிழலும், என் கையால் நான் சம்பாதிக்கிற சோறும் இங்கேதான் இருக்கின்றன. ஆக, சாஃப்ட்வேரை மாற்றுவதா வேண்டாமா என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஊருக்குப் போவதா வேண்டாமா என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று பினு புதியதைச் சோதனைக்குப் போட்டுக் கொடுத்தார். காதில் மாட்டுகிற மைக் ஒன்றும் தந்தார். "பதுக்கெ பறஞ்ஞால் மதி, டீச்சரே." மெதுவாகப் பேசினால் போதுமாம்.

மறுநாள் காலையில் மெதுவாகப் பேசினேன். கிட்டத்தட்ட கிசுகிசுத்தேன் என்றே சொல்லலாம். வாயிலிருந்து வார்த்தை விழுவதற்கு முன்பே திரையில் எழுத்து நின்றது. குரலைப் பழக்கவும் வேண்டியிருக்கவில்லை. குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அழுகல் நோய் முழுவதையும் ஒரே மூச்சில் முடித்தேன். இனி யாரும் என்னை இந்த மலையிலிருந்து இறக்க முடியாது என்று ஒரே சந்தோஷம்.

அப்போதுதான் கதவை யாரோ இடித்தார்கள்.

"டீச்சரே! வாதில் துறக்கு! டீச்சரே!"

திறந்தேன். கீழ் வீட்டு லீலாம்மா மூச்சு வாங்க நின்றாள். பின்னால் அவள் கணவர் தங்கச்சன், என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பை உறுமவிட்டபடியே வைத்திருந்தார். லீலாம்மா என் தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"இன்னெந்தா ப்ரார்த்தன கேள்க்காஞ்ஞே?" என்றாள். இன்றைக்கு ஏன் பிரார்த்தனை கேட்கவில்லை?

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் என்றைக்குச் சத்தமாகப் பிரார்த்தித்தேன்? அவளும் தங்கச்சனும் மாறி மாறிச் சொன்னபிறகுதான் விளங்கியது. தனியாக இருக்கிற ஒருத்தி விடிந்ததும் ராகம் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, வரிக்கு வரி ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு உரக்கப் பேசினால், இந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சரிவுக்குக் கீழே மற்ற வார்த்தைகள் பிடிபடாமல், என் முற்றுப்புள்ளியை ஏதோ தமிழ் ஜெபமாலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி. துணி துவைப்பதை நிறுத்திவிட்டு, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கல்லருகில் நின்று தினமும் கூடவே பிரார்த்தித்திருக்கிறாள். தன் மகள் நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியபோது அப்படித்தான் நின்றாளாம். மகள் தேறிய அன்று ஒரு சட்டி மீன்கறி என் வீட்டுக்கு வந்தது. நானோ நல்ல அயல்வாசி என்று நினைத்து இரண்டு வேளை வைத்துச் சாப்பிட்டேன்.

சிரிப்பதா, வெட்கப்படுவதா? உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அது ப்ரார்த்தனையில்ல லீலாம்மே. ஏலத்துக்கு மருந்தடிக்கிற விஷயம். போர்டோ கலவை எவ்வளவு தெளிக்கணும்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுதேன்."

தங்கச்சன் ஜீப்பை அணைத்துவிட்டு வந்து சிரியோ சிரி என்று சிரித்தார். லீலாம்மா சிரிக்கவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர் ப்ரார்த்திச்சில்லெங்கில் வேண்டா. ஞான் ப்ரார்த்திச்சல்லோ," என்றாள். நீங்கள் செய்யாவிட்டால் போகிறது, நான் செய்தேனே. படியிறங்கும்போது திரும்பி, "உறக்கெ பறயணம் கேட்டோ," என்று அதட்டலாகச் சொல்லிவிட்டுப் போனாள். சத்தமாகப் பேச வேண்டுமாம்.

அவர்கள் போனபிறகு வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றேன். ராத்திரி விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று எஸ்தர் கேட்டதற்கு என்னிடம் இத்தனை நாளாகப் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அன்று மத்தியானமே பினுவைக் கூப்பிட்டு, புதியது இருக்கட்டும், காதில் மாட்டுகிற மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், பழைய மேஜை மைக் போதும் என்றேன். கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் மெமரி சேர்த்துக் கொடுத்தார். இது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டாம் என்று போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியும் என்றேன். எஸ்தரிடம் போனில் எல்லாம் சொன்னேன். அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு சிரித்தாள். "சரிம்மா, பெரிய லீவுக்காவது வா," என்றாள். போவேன்.

மறுநாள் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய டீச்சர் குரலில் பேன் தாக்குதலைப் பற்றி ஒரு பத்தி சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினேன். திரையைப் பார்த்தால், என் முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் நான் சொல்லாத ஒரு சொல் இருக்கிறது: ஆமென். கீழே துவைக்கிற கல்லருகில் நின்று லீலாம்மா அதை மலையாளத்தில்தான் சொல்லியிருப்பாள். தமிழ் மட்டுமே தெரிந்த என் கம்ப்யூட்டர் ஒரு எழுத்துப் பிசகாமல் அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தது.