மேல் வீட்டு வைஃபை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக மலர்க்கொடி வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"அக்கா... அடுத்தவங்க வைஃபையில நாம என்ன பாக்கறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

ஈரத் துணியோடு பெருமூச்சு விட்டேன். கம்ப்யூட்டர் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவளுக்கு இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் ரிட்டையர்மெண்டே கிடையாது. பாஸ்வேர்ட் மறந்தவர்கள், பேரன் போட்டோவை அழித்துவிட்டவர்கள், லாட்டரி விழுந்ததாக மெயில் வந்தவர்கள் – எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். சலித்துவிட்டது, உண்மையைச் சொன்னால்.

ஆனால் மலர்க்கொடி சும்மா வருகிறவள் இல்லை. எங்கள் பிளாக்கிலேயே இரண்டு தெரு தள்ளி கீழ்த்தளக் குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். கணவர் மாரடைப்பில் போன பிறகு கருணை அடிப்படையில் கிளார்க் வேலை கிடைத்தது. ஒரே மகன், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வயது நாற்பத்து மூன்று.

"ஏன் கேக்கறே?" என்றேன்.

அவளுக்கு மேல் வீட்டில் சுரங்கத்து சீனியர் ஆபரேட்டர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை இணைப்பு; ரூட்டர் அவர் வீட்டில். முந்தின நாள் அவர் மனைவி மாடிப்படியில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "என்ன மலரு, பையனுக்கு இப்பவே பொண்ணு பாக்கறியா? படிப்பே முடியலையே?"

"பையனுக்குப் பொண்ணு பாக்கறதா யாரு சொன்னாங்க?" என்றேன்.

மலர்க்கொடி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பையனுக்கு இல்லக்கா. எனக்கு. ஒரு ரெண்டு மாசமா கல்யாண சைட்டுல மறுமணத்துக்கு வரன் பாத்துகினு இருக்கேன்."

கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

விஷயம் இதுதான். சில ரூட்டர்களின் செட்டிங்ஸில் ஒரு பக்கம் உண்டு. எந்தப் போனிலிருந்து எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது அதில் வரிசையாக வரும். உள்ளே என்ன படித்தார்கள் என்பது வராது. தளத்தின் பெயர் வரும். பெயரே போதாதா? அந்த மனிதர் கெட்டவர் இல்லை. சுரங்கத்தில் நாள் முழுக்க மீட்டர் பார்க்கிறவர்... வீட்டுக்கு வந்தும் அதே பழக்கம், வேறென்ன?

"அந்த வைஃபைய விட்டுட வேண்டியதுதானே?"

"விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்கக்கா. நெட் பேக் போட்டாலும் எங்க வூட்ல சிக்னல் நிக்கறதில்ல."

நியாயம்தான். இந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தாலே மத்தியானத்துக்குள் மார்க்கெட் வரை தெரிந்துவிடும்.

"எனக்கு யார் என்ன பேசினாலும் பரவாயில்லக்கா," என்றாள். "என் பையன் காதுல வேற யாரு மூலமாவாவது போய் வுழுந்துடக் கூடாது. அவங்க அப்பான்னா அவனுக்கு உசுரு."

அவள் போனில் வி.பி.என். ஆப் ஒன்று போட்டுக் கொடுத்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அதிலொன்றும் மந்திரம் இல்லை. உங்கள் போனுக்கும் எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் நடுவில் மூடிய பாதை ஒன்று போடுகிறார்கள். நீங்கள் அந்தப் பாதைக்குள் நுழைந்தது வைஃபைக்காரருக்குத் தெரியும். அங்கிருந்து எங்கே போனீர்கள் என்பது தெரியாது.

"ஆனா அந்தப் பாதையை நடத்தற கம்பெனிக்குத் தெரியலாம்," என்று எச்சரித்தேன். "மேல் வீட்டுக்காரரை நம்பாம, மூஞ்சி தெரியாத ஒருத்தனை நம்பறோம். இலவசமா குடுக்கறவன்னா இன்னும் யோசிக்கணும். அப்புறம், நீயா அந்த சைட்டுல போட்ட பேரையும் போட்டோவையும் இது மறைக்காது."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தக் கம்பெனிக்காரன் என் பையன்கிட்ட வந்து சொல்வானா?"

"மாட்டான்."

"அப்ப போதும்க்கா."

இத்தனை வருடம் பாடம் நடத்தியும் பிரைவசி என்றால் என்னவென்று இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி மகனைப் பார்க்கப் போனாள். காலேஜ் கேண்டீனில் உட்காரவைத்து, எதிரே இருந்து சொல்லியிருக்கிறாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

"ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

"ஒரு அக்காவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. உன்கிட்ட சொல்லாம எதுவும் செய்யறதா இல்ல."

பஸ் ஏற்றிவிட வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு போனும் இல்லை. நாட்கள் போயின. மலர்க்கொடி ஆபீஸ் போனாள், வந்தாள், சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். "நான் பாட்டுக்கு இருந்திருக்கலாம்," என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். டீ போட்டுக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள், ஆபீஸில் இருக்கும்போது மகனிடமிருந்து மெசேஜ் வந்தது: 'அவரு சிகரெட் புடிப்பாரா?'

இன்னும் 'அவர்' என்று யாருமே முடிவாகவில்லை. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டாளாம். அப்பாவைக் கொண்டுபோன சிகரெட் பழக்கம் மகனுக்கு மறக்குமா?

அன்று சாயங்காலம் மேல் வீட்டுக்காரர் படியிறங்கி வந்திருக்கிறார். "உங்க போன்ல ஏதோ வைரஸ் இருக்கும் போலங்க. ஒரே ஒரு வெளிநாட்டு அட்ரஸுக்கே போய்க்கிட்டிருக்கு. என்னன்னு பாருங்க."

"வைரஸ் இல்ல சார்," என்றாள் மலர்க்கொடி. "நான் மறு கல்யாணத்துக்கு வரன் பாத்துகினு இருக்கேன். யாருக்கும் தெரிய வேணாம்னு மறைச்சு வச்சிருந்தேன். இப்ப என் பையனுக்குத் தெரியும். இனிமே நீங்க பாத்தாலும் பரவாயில்ல."

மனிதர் "சரிங்க" என்று மேலே போய்விட்டாராம்.

நம் வீட்டுச் செய்தியை யாரிடம் முதலில் சொல்வது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அந்த ஆப் அவளுக்குக் கொடுத்தது அதைத்தான்.

நேற்று மலர்க்கொடியைப் பார்த்தேன். வரன் எதுவும் அமையவில்லை. ஆனால் மேல் வீட்டு அம்மா, சேத்தியாத்தோப்பில் தன் சொந்தத்திலேயே ஒருவர் இருப்பதாகத் தினமும் வந்து சொல்கிறாராம்.

இதைத் தடுக்க இன்னும் எந்த ஆப்பும் வரவில்லை.